பெரிய த்ராட்டில் பாடி பொருத்தினால் கார் வலுவாகுமா? ஐந்து வழிகளின் ஒப்பீடு

சில மாதங்களுக்கு முன் என் அக்கா மகன் பெங்களூர் அல்சூரில் உள்ள என் வீட்டுக்கு ஒரு கேள்வியோடு வந்தான். ஏழு ஆண்டு ஓடிய அவனுடைய 1.2 லிட்டர் பெட்ரோல் கார் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறும்போது முன்போல் இழுப்பதில்லை. ஜே.சி. ரோட்டுப் பக்கம் ஒரு கடையில், விட்டம் கூடிய த்ராட்டில் பாடி போட்டால் பத்துப் பன்னிரண்டு குதிரைத்திறன் ஏறும் என்று சொல்லி, கூலியோடு இருபத்தையாயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார்கள். "போடலாமா மாமா?" என்றான். எஞ்சின் சோதனைக்கூடத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் இத்தகைய கேள்விகள் என்னிடம் அடிக்கடி வரும். சிலருக்கு எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி எழுதும் ரீமேப் பற்றிய ஐயம், சிலருக்குப் பெடலில் செருகும் சின்னப் பெட்டியைப் பற்றிய ஆசை, சிலர் ஏர் ஃபில்டரை ஏற்கெனவே வாங்கிவிட்டுப் பிறகு கேட்பார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன்.

அந்தப் பாகம் செய்யும் வேலை

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பெட்ரோலைத் திறந்துவிடுகிறோம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். பெட்ரோல் எஞ்சினில் நாம் திறப்பது காற்றை. உள்ளே போன காற்றை அளந்து, அதற்கு ஏற்ற பெட்ரோலை எஞ்சினின் கணினியான ஈசியூ தெளிக்கிறது. கலப்பில்லாத பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனால் கலந்தால் இந்த எண் சற்று இறங்கும். ஏர் ஃபில்டருக்கும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த்தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டுக்கும் இடையில், உருண்டையான துளைக்குள் ஒரு தண்டில் திரும்பும் வட்டத் தட்டுதான் த்ராட்டில். பழைய கார்களில் அதைக் கேபிள் இழுத்தது. இப்போதைய கார்களில் பெடலின் கீழே இருக்கும் சென்சார் உங்கள் விருப்பத்தைச் சொல்ல, ஈசியூ தன் கணக்குப்படி ஒரு சிறு மோட்டாரால் தட்டைத் திருப்புகிறது.

இந்த வாசலுக்குக் காற்றை முழுவதுமாக உள்ளே விடுவது எப்போதாவது வரும் வேலை. பெரும்பாலும் அது காற்றைத் தடுத்துக்கொண்டுதான் நிற்கிறது. சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து செல்லும் காரில் தட்டு சில பாகைதான் திறந்திருக்கும். பெடலை அடிவரை மிதித்து, எஞ்சினின் நிமிடச் சுற்று எண்ணான ஆர்பிஎம்மும் உச்சத்தை நெருங்கும் சில நொடிகளில் மட்டுமே துளையின் விட்டம் பொருட்படுத்தத்தக்க கேள்வியாகிறது. டீசல் கார் வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்வியையே விட்டுவிடலாம். அங்கே வலுவைத் தீர்மானிப்பது தெளிக்கப்படும் எரிபொருளின் அளவு. டீசலில் உள்ள த்ராட்டில் வால்வு, புகையை மறுசுழற்சி செய்யவும் எஞ்சினை அதிராமல் நிறுத்தவும் உதவுவது.

எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு கேள்விகள் கேட்பேன். பெடலை முழுதாக மிதித்தால் உண்மையில் எவ்வளவு வலு கூடுகிறது? அன்றாட ஓட்டத்தில் கால் உணர்வது என்ன? இவை இரண்டும் வேறு வேறு என்பதை மறக்கக் கூடாது. கடைகளின் விற்பனை பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்புவதில்தான் நடக்கிறது. மூன்றாவது, விலைப்பட்டியலில் வராத செலவு: கூலி, டியூனிங், செக் எஞ்சின் விளக்கு, வாரன்டி, காப்பீடு. நான்காவது, பிடிக்கவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்பது.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இவற்றுக்கு முன்னதாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல் என்றால் இங்கே 91 அளவில்தான். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் தன்னைச் சுற்றியுள்ள அழுத்தத்தை நம்பியே காற்றை உள்ளிழுப்பதால், அதே கார் இங்கே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காற்றை இழந்தே ஓடுகிறது. இங்குள்ள குளிர்ச்சி அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தருகிறது, முழுவதையும் தருவதில்லை. சென்னையிலிருந்து பணிமாற்றத்தில் வந்து, 'வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டது' என்று மெக்கானிக்கிடம் போனவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர் இருக்கிறார்கள். இந்த இழப்பைத் த்ராட்டிலின் விட்டத்தால் ஈடுகட்ட முடியாது. வாசலை அகலமாக்கலாம், வெளியே நிற்கும் காற்றைக் கனமாக்க முடியாது.

வாங்கும் முன் அளக்க வேண்டிய இரண்டு எண்கள்

இந்தப் பகுதிக்காக மட்டுமே கூட இந்தக் கட்டுரையை எழுதியிருப்பேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும், ஈசியூவின் அளவீடுகளைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் ப்ளூடூத் கருவி ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதைச் செல்போனோடு இணைத்தால், மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை மேப் சென்சார் கிலோபாஸ்கலில் காட்டும். சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓட விடாமல் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது வெளிக்காற்றின் அழுத்தம், பெங்களூரில் 90, 91 என்று வரும். பிறகு விடிகாலையில் ஆளில்லாத நெடுஞ்சாலையில், செல்போனை உடன் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, இரண்டாம் கியரில் பெடலை முழுதாக மிதித்து 5,500 ஆர்பிஎம்மைத் தொடும்போது வரும் எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு எண்களுக்கும் இடையிலான வித்தியாசம்தான், ஏர் ஃபில்டரின் வாயிலிருந்து த்ராட்டில் வரையிலான மொத்தப் பாதையும் தின்றுவிடும் அழுத்தம். வித்தியாசம் 2 என்றால், ஃபில்டர், குழாய், த்ராட்டில் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு எஞ்சினைத் திறந்த வாயோடு ஓட்டினாலும் கூடப்போவது நூற்றுக்கு இரண்டு அளவுதான். வித்தியாசம் 6, 7 என்று வந்தால் பாதையில் எங்கோ அடைப்பு இருக்கிறது என்று பொருள். முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், எலி கூடு கட்டியிருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். மேப் சென்சாருக்குப் பதில் காற்றின் ஓட்டத்தை அளக்கும் மாஃப் சென்சார் மட்டும் உள்ள கார்களிலும், அழுத்தத்தை டர்போ ஏற்றிவிடும் கார்களிலும் இந்தச் சோதனை இப்படி நேரடியாகப் பலன் தராது.

அக்கா மகனின் காரில் 91, 89 என்று வந்தது.

முதல் வழி: பெரிய த்ராட்டில் பாடி

கணக்காகவே பார்த்துவிடலாம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு முழுவதையும் உறிஞ்சும். 1.2 லிட்டர் எஞ்சின் 6,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 3,600 லிட்டர், அதாவது நொடிக்கு 60 லிட்டர் காற்றை இழுக்கிறது. துளையின் விட்டம் 45 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு ஏறக்குறைய 15.9 சதுர சென்டிமீட்டர். அதன் வழியே காற்று நொடிக்குச் சுமார் 38 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். அந்த வேகத்துக்கு உரிய அழுத்த இழப்பு, இங்குள்ள காற்றின் அடர்த்தியில், முக்கால் கிலோபாஸ்கல். விட்டத்தை 50 மில்லிமீட்டராக்கினால் வேகம் 31 மீட்டராகக் குறைந்து, இழப்பு அரை கிலோபாஸ்கலாகிறது. மிச்சம் பிடித்தது கால் கிலோபாஸ்கல். மொத்தம் உள்ள 91-இல் அது நூற்றுக்கு 0.3-க்கும் குறைவு. மாருதி ஸ்விஃப்டில் நெடுநாள் வந்த 1,197 சிசி எஞ்சினைப் போன்ற, 83 குதிரைத்திறன் தரும் எஞ்சினில் இது கால் குதிரைத்திறன். காற்று சீராக ஓடாமல் துடித்துத் துடித்து ஓடுகிறது, தண்டும் தட்டும் குறுக்கே நிற்கின்றன என்று தாராளமாக நான்கு மடங்கு போட்டுக்கொடுத்தாலும் ஒன்றைத் தொடுவதே கடினம். கடைக்காரர் சொன்ன பன்னிரண்டு எந்த வழியாக உள்ளே வரும் என்று எனக்குப் புரியவில்லை.

அப்படியானால் போட்டவர்கள் எல்லாம் பொய்யா சொல்கிறார்கள்? அவர்கள் உணர்வது உண்மைதான். விட்டம் 45-இலிருந்து 50 ஆகும்போது பரப்பு ஏறக்குறைய கால் பங்கு கூடுகிறது. ஆகவே தட்டு அதே கோணம் திரும்பினாலும் முன்பைவிட அதிகக் காற்று உள்ளே போகிறது. முன்பு கொஞ்சம் கூடுதலாக மிதித்துப் பெற்றதை இப்போது லேசாக மிதித்தே பெறுகிறோம். கால் அதைப் பிக்கப் என்று படிக்கிறது. பெடலை அடிவரை மிதித்துவிட்டால் பழைய காரும் புதிய காரும் ஒன்றே. மைலேஜ் கூடும் என்ற பேச்சுக்கும் அடிப்படை இல்லை: 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட எஞ்சினுக்குத் தேவையான காற்று மாறுவதில்லை, பெரிய துளையில் தட்டு இன்னும் கொஞ்சம் மூடி நின்று அதே காற்றைத்தான் விடும்.

மறைவான செலவுகள் இங்கேதான் குவிகின்றன. மின்னணுத் த்ராட்டில் உள்ள காரில், தட்டின் எந்தக் கோணத்தில் எவ்வளவு காற்று போகும் என்ற பட்டியல் ஈசியூவில் எழுதப்பட்டிருக்கிறது. அளவு மாறினால் கணக்கும் அளவீடும் ஒத்துப்போவதில்லை. ஐடிலிங் (பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்கி அலைவது, சிக்னலில் நிற்கும்போது அணைந்துபோவது, ஐடில் வேகம் அதிகம் என்று பி0507, காற்றின் அளவும் தட்டின் நிலையும் பொருந்தவில்லை என்று பி0068 ஆகிய கோளாறு எண்களோடு செக் எஞ்சின் விளக்கு எரிவது எல்லாம் இதன் பின்விளைவுகள். அதைச் சரிசெய்ய ஈசியூ டியூனிங் தேவைப்படும்; பாகத்தின் விலைக்கு மேல் அது தனிச் செலவு. மேனிஃபோல்டின் வாய் பழைய அளவிலேயே இருந்தால், 50-லிருந்து 45-க்கு ஒரு படிக்கட்டைத்தான் கட்டி வைத்திருக்கிறோம், ஆகவே அதையும் குடைய வேண்டும். இருக்கிற த்ராட்டில் பாடியையே லேத்தில் கொடுத்துக் குடைந்துகொள்ளும் வழக்கமும் உண்டு. சுவர் மெலிந்து, தட்டு சரியாக மூடாமல், மூடிய நிலையிலும் காற்று கசிந்து, கடைசியில் புதிதாக ஒன்று வாங்குவதில் முடிந்த கதைகள் இதில் அதிகம்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். தயாரிப்பாளரின் மூல விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. த்ராட்டிலின் விட்டத்தை அளந்து பார்க்கும் போக்குவரத்துக் காவலரை நான் கண்டதில்லை. ஆனால் பெரிய விபத்துக்குப் பின் காப்பீட்டு சர்வேயர் பானட்டைத் திறப்பார், வாரன்டி கேட்டுப் போனால் சர்வீஸ் சென்டரும் திறக்கும்.

இது சரியான தேர்வாகும் இடங்களும் உண்டு. கேம்ஷாஃப்ட் மாற்றி, சிலிண்டர் ஹெட் குடைந்து, எக்ஸாஸ்ட் ஹெடர் போட்டு, 7,000 ஆர்பிஎம்முக்கு மேல் சுழலும்படி கட்டிய எஞ்சினுக்கு மூலத் த்ராட்டில் குறுகலாகிவிடும்; மேலே சொன்ன சோதனையில் வித்தியாசம் பெரிதாக வருவதே அதற்குச் சான்று. ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்திலோ கோயம்புத்தூர் கரி ஓடுதளத்திலோ நேர்கோட்டில் பல நொடிகள் பெடலை அடிவரை மிதித்தே ஓட்டுபவருக்கு அந்த ஒன்றிரண்டு குதிரைத்திறனும் கணக்கில் வரும். பிஎம்டபிள்யூவின் இ46 எம்3 காரில் ஆறு சிலிண்டருக்கும் ஆறு தனித் த்ராட்டில்கள் வைத்தார்கள். ஆனால் அது 8,000 ஆர்பிஎம்மை ஒட்டி உச்ச வலு தரும்படி மொத்தமாகத் திட்டமிட்ட எஞ்சின். த்ராட்டில் அந்தத் திட்டத்தின் ஓர் உறுப்பு. டர்போ கார்களில் த்ராட்டில் டர்போவுக்குப் பின்னால் இருப்பதாலும், இலக்கு வைத்த டார்க்கை, அதாவது திருப்பு விசையை, தாண்டவிடாமல் ஈசியூ எல்லாவற்றையும் கட்டுப்படுத்துவதாலும், ரீமேப் இல்லாமல் பெரிய த்ராட்டில் மட்டும் பொருத்துவதில் பொருளே இல்லை.

இரண்டாம் வழி: இருப்பதைச் சுத்தம் செய்து, மற்றதைச் சரிபார்ப்பது

அக்கா மகனை என் வீட்டுக்கு அருகில் இருக்கும் மெக்கானிக்கிடம் அழைத்துப்போனேன். மேலூரிலிருந்து வந்து இங்கே முப்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருப்பவர். ஏர் ஹோஸின் கிளாம்ப்பைத் தளர்த்தி, குழாயை ஒதுக்கி, டார்ச் அடித்துக் காட்டினார். தட்டின் முன்பக்கம் பளபளப்பாகத்தான் இருந்தது. பாடியைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பியபோது, தட்டின் விளிம்பு படியும் இடத்தில் துளையைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம், தோசைக்கல்லின் ஓரத்தில் ஏறும் கரிபோல. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து மேனிஃபோல்டுக்குத் திரும்பும் எண்ணெய் ஆவிதான் ஆண்டுக்கணக்கில் இப்படிப் படிகிறது.

இந்த வளையம் உச்ச வலுவைக் குறைப்பதில்லை. தட்டு முழுதாகத் திறக்கும்போது விளிம்பில் உள்ள மெல்லிய கரி ஒரு பொருட்டில்லை. அது கெடுப்பது முதல் சில பாகைத் திறப்பை, அதாவது நகரத்தில் நாம் நாள் முழுவதும் பயன்படுத்தும் பகுதியை. காற்று போதாமல் ஐடிலிங் தடுமாறும், பெடலைத் தொட்டதும் முதலில் ஒன்றும் நடக்காமல் பிறகு சட்டென்று வண்டி பாயும். சுத்தம் செய்தால் இது சரியாகிறது. செலவு ஐந்நூறிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வரை.

மறைவான சிக்கல்கள் இதிலும் இல்லாமலில்லை. மின்னணுத் த்ராட்டிலின் தட்டை விரலால் தள்ளித் திறந்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைய வாய்ப்புண்டு. சில பாடிகளின் உட்சுவரில் மெல்லிய பூச்சு இருக்கும், அதைக் கடுமையான கார்புரேட்டர் கிளீனர் கரைத்துவிடும். த்ராட்டில் பாடிக்கென்று விற்கும் கிளீனரைத் துணியில் தெளித்துத் துடைப்பதே முறை. கேஸ்கெட் பழையதென்றால் மாற்ற வேண்டும். சுத்தம் செய்தபின் ஈசியூ பழைய கரிக்கு ஏற்ப வைத்திருந்த கணக்கிலேயே சிறிது நேரம் இருக்கும். எங்கள் முன்னால் அந்தக் கார் 1,300 ஆர்பிஎம்மில் நின்று கத்தியது. மெக்கானிக் ஸ்கேனரை மாட்டி ஐடில் கணக்கைப் புதிதாகக் கற்க வைத்தபின் பத்து நிமிடத்தில் 750-க்கு இறங்கி அமைதியானது. இதைச் செய்யாமல் சாவியைக் கொடுத்துவிடும் இடங்களால்தான், 'சுத்தம் செய்தபிறகு கெட்டுப்போனது' என்ற புகார் வருகிறது.

வண்டி இழுக்கவில்லை என்று வருபவர்களிடம் நான் த்ராட்டிலோடு நிறுத்துவதில்லை. தேய்ந்த ஸ்பார்க் பிளக், வழுக்கும் கிளட்ச், முழுதாக விடாத பிரேக், காற்றுக் குறைந்த டயர், அடைத்துக்கொண்ட, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்வேன். இந்தக் காரில் எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியும் பிளக்கை மாற்றவே இல்லை. ஃபீலர் கேஜை வைத்தபோது நான்கிலும் இடைவெளி குறித்த அளவைத் தாண்டியிருந்தது. மேம்பாலத்தில் மூச்சு வாங்கியதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஐந்து ஆண்டுக்கு மேல் ஓடிய, மாற்றம் எதுவும் செய்யாத எந்தப் பெட்ரோல் காருக்கும் இதுவே முதல் வழி. பாடி உண்மையாகவே தேய்ந்து, தண்டில் ஆட்டம் வந்து, சென்சார் பிழை காட்டினால், அதே அளவில் நிறுவனத்தின் புதிய பாகத்தையே பொருத்துங்கள்.

மூன்றாம் வழி: ஈசியூ ரீமேப்

எஞ்சினின் வலுவை உண்மையாகவே உயர்த்தும் வழி இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான், அதுவும் டர்போ உள்ள கார்களில். டர்போ ஏற்றும் அழுத்தத்தையும் தீப்பொறியின் நேரத்தையும் மாற்றி எழுதுவதால், டர்போ பெட்ரோல் கார்களில் நூற்றுக்கு 15 முதல் 30 வரை கூடுவது வழக்கம். டர்போ இல்லாத எஞ்சினில் கூட்டுவதற்கு டர்போ அழுத்தம் எதுவும் இல்லை. நூற்றுக்கு ஐந்து கிடைத்தாலே பெரிது. பெங்களூரின் உயரத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும்: இழந்த காற்றைத் திருப்பித் தரக்கூடியது டர்போ போல் காற்றை அழுத்தித் தரும் கருவி மட்டுமே.

செலவு பொதுவாக ஐந்து இலக்கத்தில் தொடங்கும். அதற்குப் பிறகு வருபவை: ஆக்டேன் எண் (எஞ்சினைத் தட்டவிடாத தன்மையின் அளவு) கூடிய பெட்ரோல் மட்டுமே போட வேண்டிய கட்டாயம், சீக்கிரம் தேயும் கிளட்ச், டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் என்றால் அதன் பயம், வாரன்டியின் முடிவு. பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றிவிட்டால் தெரியாது என்பார்கள். எத்தனை முறை எழுதப்பட்டது என்பதை எண்ணி வைத்திருக்கும் ஈசியூக்கள் உண்டு. சட்டமும் காப்பீடும் முதல் வழிக்குச் சொன்னதுபோலவே இதற்கும் பொருந்தும். ஒன்றை இங்கே சொல்லிவைக்கிறேன்: 91 ஆக்டேனுக்கு வடிவமைத்த, டர்போ இல்லாத சாதாரண எஞ்சினுக்கு விலை கூடிய பெட்ரோலைப் போடுவது இந்த ஊரில் இரட்டை வீண். காற்றழுத்தம் குறைந்த இடத்தில், பெட்ரோல் நேரம் தவறி எரிந்து எஞ்சின் தட்டும் வாய்ப்பே குறைவு.

வாரன்டி முடிந்த டர்போ கார், நெடுஞ்சாலை ஓட்டம் அதிகம், கிளட்ச் மாற்றவும் தயார் என்பவருக்கு இது பொருந்தும்.

நான்காம் வழி: பெடல் கன்ட்ரோலர்

பெடல் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் செருகும் பெட்டி. நீங்கள் 20 சதவீதம் மிதித்தால் 40 என்று ஈசியூவிடம் பொய் சொல்லும். வலு ஒரு துளியும் கூடாது. ஆனால் பெரிய த்ராட்டில் பாடி தரும் அதே உணர்வை, எதையும் குடையாமல், கழற்றினால் தடயமே இல்லாமல் தருகிறது என்பதால், உணர்வு மட்டும் போதும் என்பவருக்கு இதுவே நேர்மையான பொருள். அதிகரித்து வைத்தால் மாரத்தஹள்ளி நெரிசலில் வண்டி தவளைபோல் குதிக்கும். வாங்கிய ஒருவர் மூன்றே நாளில் அதன் அளவைப் பூச்சியத்துக்கு அருகில் இறக்கிவிட்டு, கழற்ற மனமில்லாமல் இன்றும் வைத்திருக்கிறார்.

ஐந்தாம் வழி: ஏர் ஃபில்டர், இன்டேக் குழாய்

காகித ஃபில்டர் புதிதாக இருந்தால், துவைத்துப் போடும் பருத்தி ஃபில்டரால் வலுவில் அளக்கத்தக்க வேறுபாடு வருவது அரிது. அதற்கு எண்ணெய் அதிகமாகத் தடவினால் மாஃப் சென்சாரில் படிந்து வேறு தொல்லை. பானட்டுக்குள் திறந்த கூம்பு ஃபில்டர் வைத்தால் ரேடியேட்டரின் சூட்டுக் காற்றை இழுக்கும், சத்தம் மட்டும் அருமையாக இருக்கும். நகரமெங்கும் தோண்டிப் போட்டிருக்கும் சாலைகளின் புழுதியில், ஒழுங்காக மாற்றப்படும் சாதாரணக் காகித ஃபில்டரே போதும்.

ஒரே பார்வையில்

| வழி | உச்ச வலு | காலில் தெரியும் மாற்றம் | செலவின் அளவு | மறைவான செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| பெரிய த்ராட்டில் பாடி | சாதாரண எஞ்சினில் ஒரு குதிரைத்திறனுக்குள் | தெரியும் | பல்லாயிரம் | டியூனிங், செக் எஞ்சின் விளக்கு, சட்டம், காப்பீடு | கட்டிய எஞ்சின், ஓடுதளம் |
| சுத்தம் செய்தல், பிளக், ஃபில்டர் | இழந்தது திரும்பும் | நன்றாகத் தெரியும் | சில ஆயிரம் | ஐடில் கணக்கைக் கற்க வைத்தல் | பழகிய எந்தப் பெட்ரோல் காருக்கும் |
| ரீமேப் | டர்போவில் பெரிது, மற்றதில் சிறிது | தெரியும் | ஐந்து இலக்கம் | கிளட்ச், பெட்ரோல், வாரன்டி, சட்டம், காப்பீடு | வாரன்டி முடிந்த டர்போ |
| பெடல் கன்ட்ரோலர் | இல்லை | மிக அதிகம் | ஆயிரங்களில் | நெரிசலில் குதிப்பு | உணர்வு போதும் என்பவர் |
| ஃபில்டர், குழாய் | பெரும்பாலும் இல்லை | சத்தம் | ஆயிரங்களில் | சென்சாரில் எண்ணெய், சூட்டுக் காற்று | சத்தம் விரும்புபவர் |

எஞ்சினின் வலுவை அளக்கும் இயந்திரமான டைனோவின் சீட்டைக் காட்டி விற்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அதே காரை, எதையும் மாற்றாமல், டைனோவில் அடுத்தடுத்து மூன்று முறை ஓட்டினாலே எஞ்சின் சூட்டாலும் காற்றின் வெப்பத்தாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு வித்தியாசம் வரும். முன்னும் பின்னும் மும்மூன்று ஓட்டம், ஒரே நாள், ஒரே டைனோ என்று இல்லாத சீட்டில் இரண்டு குதிரைத்திறன் ஏறியிருப்பதாகக் காட்டினால் அதை மடித்துக் கொடுத்துவிடலாம். கடலோரத்தில் எடுத்த சீட்டை இங்கே கொண்டுவந்து காட்டுவதும் நடக்கிறது.

அக்கா மகன் பிளக் நான்கு, ஏர் ஃபில்டர், சுத்தம் செய்த கூலி எல்லாம் சேர்த்து நான்காயிரத்துக்குள் முடித்துக்கொண்டான். அடுத்த சனிக்கிழமை சேலத்துக்குப் போகும் வழியில் பெங்களூரைவிடத் தாழ்வான கிருஷ்ணகிரியில் டோல் தாண்டி டீக்கடையில் நின்று போன் செய்தான். "மாமா, வண்டி பறக்குது. பெங்களூர்ல ஓட்டினப்ப கூட இவ்வளவு தெரியல. அந்தச் சுத்தம் பண்ணினது இப்பத்தான் வேலை செய்யுது போல" என்றான். சாவியை மட்டும் திருப்பி, செல்போனில் மேப் எண்ணைப் பார்க்கச் சொன்னேன். 95 என்றான். ஊர் திரும்பும்போது இன்னொரு முறை பார் என்று சொல்லி வைத்தேன். மறுநாள் இரவு அத்திபெலேயிலிருந்து ஒரு படம் மட்டும் வந்தது. அதில் 91 என்று இருந்தது.